எரிந்து எரிந்து அணையும் விளக்கு

சென்ற மாதம் இப்பகுதியில் குளிர்சாதனப் பெட்டியின் ஓயாத இரைச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் மின்விசிறியைப் பற்றி எழுதுவதாக வாக்களித்தும் இருந்தேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளை துபாயிலிருந்து நள்ளிரவில் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி மின்விசிறியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அவன் கேட்டதோ நம்மில் எவரும் வாங்கப் போகாத ஒரு காரைப் பற்றி. ஆயினும் கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம் வீடுகளுக்கு, அவனுக்கு நேர்ந்த நெருக்கடி அந்நியமானதன்று.

ரயில்வே குடியிருப்பில் எங்கள் அண்டை வீட்டில் வளர்ந்தவன் அவன். ஐ.டி.ஐ. முடித்து, துபாயில் அல் கூஸ் என்னும் தொழிற்பகுதியில் பழைய பந்தயக் கார்களைப் பழுது பார்க்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு ஆகிறது. தமக்கையின் திருமணக் கடன் அவன் தலையில்தான் இருக்கிறது. விசாவோ கூடத்து முதலாளியின் கையில் இருக்கிறது. அவன் சொன்னது இது:

“அண்ணா, ஃபெராரி எஃப் 355 ஒன்று வந்திருக்கிறது. புகைபோக்கி சூடேறிவிட்டது என்று காட்டும் விளக்கு எரிகிறதாம். ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது எரிவதில்லை. மூன்று முறை வந்துவிட்டார். ஃபோர்மேன் கன்வர்ட்டரை மாற்றிவிடு என்கிறார். வண்டிக்காரர் அதன் விலையைக் கேட்டுவிட்டு, விளக்கின் பல்பைப் பிடுங்கிவிடு, போதும் என்கிறார். எதைச் செய்தாலும் வேலைச் சீட்டில் கையெழுத்து என்னுடையது. நான் என்ன செய்யட்டும்?”

நான் பொறியாளன் அல்லன். டீசல் லோகோ ஷெட் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தன். ஆனால் என் மேசை வழியே நாள்தோறும் கடந்து செல்லும் பதிவேடுகளில் இத்தகைய வழக்குகளை நிறையக் கண்டிருக்கிறேன். என்ஜின் ஓட்டுநர், “வழியில் எச்சரிக்கை மணி அடித்தது” என்று எழுதுவார். ஷெட்டில், “சோதித்துப் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது” என்று எழுதி அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து அதே எண்ணுள்ள என்ஜின் அதே குறையோடு திரும்பி வரும். இருவருமே பொய் சொல்வதில்லை. குறை வழியில் இருக்கிறது, ஷெட்டில் இல்லை, அவ்வளவே.

முதலில் அந்த விளக்கு எதற்காக இருக்கிறது என்று பார்ப்போம். எஃப் 355 என்பது இத்தாலியில் மாரனெல்லோ என்னும் சிற்றூரில் 1994 முதல் 1999 வரை செய்யப்பட்ட கார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே எட்டு சிலிண்டர் என்ஜின் இருக்கிறது. நிமிடத்துக்கு 8,250 சுழற்சியில் 380 குதிரைத் திறன் தருவது. சிலிண்டர்கள் பக்கத்துக்கு நான்காக இரண்டு வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் புகையும் தனித்தனியே ஒரு கேட்டலிடிக் கன்வர்ட்டரின் வழியாக வெளியேறுகிறது. கன்வர்ட்டர் என்பது, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய தேன்கூடு ஒன்றை எஃகு உறைக்குள் வைத்தது. புகையிலுள்ள நச்சை அவ்வுலோகங்கள் சூடான நிலையில் வேதிவினையால் மாற்றுகின்றன. நம் நாட்டிலும் 1995-ஆம் ஆண்டில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே நம்மவர் சிலரின் வாசலில் நிற்கும் சிறு காரின் வயிற்றிலும் இது உண்டு.

தேன்கூடு சாதாரணமாகச் சில நூறு டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வேலை செய்யும். ஆனால் ஒரு சிலிண்டரில் பொறி தவறிவிட்டால் அங்கே எரியாத பெட்ரோல் அப்படியே புகையோடு கன்வர்ட்டருக்குள் வந்து, அங்கே எரியத் தொடங்கும். அப்போது உஷ்ணம் 1,000 டிகிரியையும் தாண்டக்கூடும். தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அக்கம் பக்கத்துக் கம்பியும் ரப்பரும் தீப்பற்றலாம். அதனால்தான் அக்காரின் முகப்பில் ‘ஸ்லோ டவுன்’ என்று எழுதிய விளக்கு, 1-4 என்றும் 5-8 என்றும் வரிசைக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. மின்னி மின்னி எரிந்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். நிலைத்து எரிந்தால் நிறுத்த வேண்டும். (நிறுத்துவதும் காய்ந்த புல்லின் மேல் கூடாது. எந்தக் காருக்கும் இது பொருந்தும்.)

இனி, அந்த விளக்குக்குச் செய்தி கொண்டு செல்லும் தூதனைக் காண்போம். அவன் பெயர் தெர்மோகப்பிள். இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அம்முனையைச் சூடாக்கினால் அவற்றில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் என்னும் அறிஞர் 1821-இல் கண்ட உண்மை இது. மிகுந்த வெப்பத்தை அளக்கப் பெரிதும் வழங்கும் ‘கே’ வகைக் கம்பியில் டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். 900 டிகிரியில்கூட 37 மில்லிவோல்ட். டார்ச் விளக்குச் செல்லின் அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. இந்த முணுமுணுப்பைக் கேட்டுப் பெருக்கி என்ஜினின் மின்மூளைக்குச் சொல்வதற்கென்று பக்கத்துக்கு ஒரு சிறு பெட்டி இருக்கிறது. கால் நூற்றாண்டு வெப்பத்தில் வெந்த கம்பி, களிம்பேறிய இணைப்பு, விரிசல் விட்ட பற்றாசு என்று வழியில் எது கெட்டாலும் முணுமுணுப்பு மாறிவிடும். கம்பி அறுந்தால் பெட்டி நல்லதை எண்ணாமல் கெட்டதையே எண்ணி விளக்கேற்றும். நம் ரயில் சிக்னலும் அவ்வாறே: கம்பி அறுந்தால் சிவப்புத்தான் வரும், பச்சை வராது. ஆகவே விளக்கு எரிந்தால் ஒன்று உஷ்ணம் உண்மை, அல்லது தூதன் நோயாளி. எது என்று தெரியுமுன் கன்வர்ட்டரை மாற்றுவதும் தவறு, பல்பைப் பிடுங்குவதும் தவறு. பின்னது அபாயமும்கூட.

அவனிடம் நான் சொன்னது இவ்வளவே: “தம்பி, நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டிக்காரரிடம் கொடு. விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, எந்தச் சாலை, ஏற்றமா சமமா, புறப்பட்டு எத்தனை நிமிஷம், மின்னியதா நிலைத்ததா, என்ஜின் குலுங்கியதா என்று எழுதச் சொல். அதற்குள் இடப்பக்கப் பெட்டியையும் வலப்பக்கப் பெட்டியையும் இடம் மாற்றி வை. வேறெதையும் தொடாதே.”

பெட்டி இரண்டும் ஒரே வகை. இடம் மாற்றியபின் விளக்கும் 5-8-இலிருந்து 1-4-க்கு மாறினால் பெட்டிதான் குற்றவாளி. மாறாவிட்டால் பெட்டி நிரபராதி. காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டு, எது குணமாக்கியது என்று தெரியாமல் விழிப்பவர்களை எங்கள் ஷெட்டிலும் கண்டிருக்கிறேன்.

வண்டிக்காரர் முதலில் முணுமுணுத்தாராம். பின்னர் நல்ல மனிதராகவே எழுதித் தந்திருக்கிறார். ஹத்தா மலைச் சாலைக்கு இரண்டு வார இறுதியில் போய் வந்ததில் ஏழு குறிப்புகள் சேர்ந்தன. விளக்கு 5-8-இலேயே நின்றது, பெட்டி தப்பியது. ஆனால் அந்த ஏழையும் அவன் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது எனக்கு வியப்பாயிருந்தது. நான்கு முறை, புறப்பட்ட ஐந்தாறு நிமிஷத்தில், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது, ஒரு கணம் எரிந்து அணைந்திருக்கிறது. மூன்று முறை, நீண்ட ஏற்றத்தில், விடாமல் மின்னியிருக்கிறது. அப்போது என்ஜினில் இலேசான குலுக்கல் என்றும் எழுதியிருந்தார். ஐந்து நிமிஷத்தில், மெதுவாகப் போகும் காரில், கன்வர்ட்டர் உருகும் அளவுக்குக் கொதிக்காது. முதல் நான்கும் தூதனின் நோய். பின் மூன்றும் அப்படித் தோன்றவில்லை. ஒரே விளக்கின் பின்னே இரண்டு குறைகள் ஒளிந்திருந்தன.

என்ஜினை ஓடவிட்டு 5-8 பக்கத்துக் கம்பியைச் சாண் சாணாக அசைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் விளக்கு கண் சிமிட்டிற்று. வெப்பத்துணியைப் பிரித்தால், எந்தக் காலத்திலோ யாரோ கம்பி அறுந்த இடத்திலிருந்து பெட்டிவரை வெறும் செப்புக் கம்பிகளை முறுக்கி இணைத்து ஒட்டு நாடா சுற்றியிருந்தார்கள். குலுங்கும்போது முறுக்கு விலகும், விளக்கு எரியும். இதில் இன்னொரு கேடும் உண்டு. தெர்மோகப்பிள் சொல்வது, அதன் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தையே. பெட்டிவரை அதே உலோகக் கம்பி போனால் பெட்டியின் இடமே குளிர்ந்த முனை. ஒட்டிலிருந்து பெட்டிவரை செப்பே போனால் ஒட்டுப்போட்ட இடம் குளிர்ந்த முனையாகிவிடும். பெட்டி இருக்குமிடம் 50 டிகிரி, ஒட்டு இருக்குமிடம் 150 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 100 டிகிரி குறைவாகத்தான் செய்தி போகும். விலகும்போது வீணாகக் கூச்சலிடுவதும், சேர்ந்திருக்கும்போது உண்மையைக் குறைத்துச் சொல்வதுமாக அந்த ஒட்டு இருந்திருக்கிறது.

புதிய தெர்மோகப்பிள் போட்டான். ஃபோர்மேன், “சரி, வண்டியை அனுப்பு” என்றாராம். அடுத்த வாரம் வண்டி திரும்பி வந்தது. ஏற்றத்தில் முன்னைவிட விரைவாகவே விளக்கு மின்னுகிறது! வண்டிக்காரர் கோபித்துக்கொண்டார். ஃபோர்மேன் இவனை முறைத்தார். அன்றிரவு அவன் குரல் கம்மியிருந்தது. “அண்ணா, நான் கெடுத்துவிட்டேனா?” என்றான். இல்லை, இப்போதுதான் விளக்கு மெய் பேசத் தொடங்கியிருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். நான் சொன்னது தவறாயின் அவன் தாயார் முகத்தில் எப்படி விழிப்பது?

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று அக்கூடத்தில் இருந்தது. பளபளக்கும் எஃகின்மேல் அது சரியாகக் காட்டாது. ஆகையால் இரண்டு கன்வர்ட்டரின் உறையிலும் வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் ஒரு பொட்டு வைத்துவிட்டு, ஓட்டி வந்தவுடன் அளக்கச் சொன்னேன். உறையின் சூடு உள்ளே இருக்கும் சூடு அன்று. இரு பக்கத்தையும் ஒப்பிடுவதற்கு மட்டுமே அது உதவும். 5-8 பக்கம் தெளிவாக அதிகமாயிருந்தது. பிறகு அந்த நான்கு சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்று மட்டும் கரி படிந்து ஈரமாயிருந்தது. அதற்குச் செல்லும் கம்பியின் உறையில் மயிரிழை விரிசல். குளிர்ந்திருக்கும்போது பொறி ஒழுங்காகப் போகும். சூடேறி, ஏற்றத்தில் பாரம் கூடும்போது விரிசல் வழியே பாய்ந்து வீணாகும். அதனால்தான் கூடத்துக்குள் நிற்கும்போது அகப்படவேயில்லை.

கம்பியை மாற்றினான். விளக்கு எரியவில்லை. ஆனால் உள்ளே குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தபோது தேன்கூட்டின் ஒரு மூலை உருகிக் கண்ணாடிபோல் இறுகியிருந்ததாம். அந்தக் கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டியிருந்தது. “நான் முதல் நாளே சொன்னேனே” என்று ஃபோர்மேன் மீசையைத் தடவிக்கொண்டாராம். முதல் நாளே மாற்றியிருந்தால் புதியதும் அதே மலையில் அதே போல் உருகியிருக்கும் என்று இவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெர்மோகப்பிள், கம்பி, கன்வர்ட்டர் என்று நடந்த வரிசையிலேயே தேதியோடு வேலைச் சீட்டில் எழுதி, கீழே கையெழுத்திட்டிருக்கிறான். வண்டிக்காரர் அந்தச் சீட்டை இருமுறை படித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டாராம்.

இவ்வளவையும் அவன் தாயாரிடம் விரிவாகச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பையனுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ?” என்று ஒன்றுதான் கேட்டார். இருக்கிறது. மின்விசிறி அடுத்த மாதம்.