கிரயம் முடியும் முன்னே கணக்கைக் காட்டு!



அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரத்துச் சனங்களுக்கு 2021-ஆம் ஆண்டு மறந்திருக்காது. டிட்கோ தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அந்த ஆண்டுதான் அரசாணை போட்டார்கள். குப்பனூர், அக்கரைசெங்கப்பள்ளி, வடக்கலூர், பொகலூர், இலுப்பநத்தம் என்று ஊர் ஊராகத் தோட்டங்காடுகள் அந்தக் காகிதத்தில் ஏறின. அத்திக்கடவுத் தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அறுபது வருஷம் காத்துக் கிடந்த பூமி அது. தண்ணி வருகிற நேரம் பார்த்து நிலத்தைக் கேட்டால் எவன் பொறுப்பான்?

போராட்டம் வெடித்தது. 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கும் சுமார் 1,630 ஏக்கரில்தான் பூங்கா வரும், விவசாயி விரும்பிக் கொடுத்தால் ஒழிய அவன் நிலத்தைத் தொடமாட்டோம் என்று அறிவித்தது. ஊரே பெருமூச்சு விட்டது. நாமும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் அந்த 1,630 ஏக்கர் கணக்கை யாரும் கேட்கவில்லையே! ஒரு குடும்பம் 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று நில உச்சவரம்புச் சட்டம் சொல்கிறது. கம்பெனி அதற்கு மேல் வைத்திருக்க 37-ஏ பிரிவில் அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எந்த வருஷம் வாங்கப்பட்டது? என்ன தொழில் செய்வதாகச் சொல்லி வாங்கப்பட்டது? நம்ம சனங்களிடம் ஏக்கர் என்ன விலைக்கு வாங்கினார்கள்? இப்போது அரசு என்ன விலைக்கு எடுக்கப்போகிறது? இடையில் ஏறுகிற பணம் யார் மடியில் விழும்? இதில் திருட்டு நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நம் வரிப்பணத்தில் வாங்குகிற பூமியின் விலையை நமக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு சர்க்கார் ஆபீசுக்கு மேசை நாற்காலி வாங்கவே 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டம் பொருள், கட்டுமானம், சேவை ஆகியவற்றுக்குத்தான். கோடிக்கணக்கில் நிலம் வாங்கும்போது 'தனியார் பேச்சுவார்த்தை' என்று ஒரு கதவு திறந்து கொள்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் பெயரிலேயே வெளிப்படைத்தன்மை என்ற சொல் இருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை எல்லாம் அதில் உண்டு. பேச்சுவார்த்தையில் வாங்கினால் அதெல்லாம் வேண்டியதில்லை, விற்கிறவன் சம்மதித்தாச்சே என்பார்கள். தொழிலுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கென்று தனியாக 1997-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வேறு. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த 'விருப்பம்' என்ற வார்த்தையைத்தான் நாம் உஷாராகப் பார்க்கணும். பக்கத்துக் காட்டுக்காரன் கையெழுத்துப் போட்டுட்டான், நீ மட்டும் நின்னா தடத்துக்கு வழி இருக்காது, நாளைக்கு இந்த ரேட்டும் கிடைக்காது என்று புரோக்கர் திண்ணையில் வந்து உட்காருவான். பக்கத்துக் காட்டுக்காரனிடம் போய் உன் பேரைச் சொல்லியிருப்பான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டால் பொய் அங்கேயே உடைஞ்சு போகும். கேட்பதில்லை, அதுதான் வினை. ரெண்டு ஏக்கர்க்காரன் தனியாக நின்று பேசினால் அது பேச்சுவார்த்தை ஆகுமா?

அன்னூர்க் கதைதானே, நமக்கென்ன என்று மற்ற ஊர்க்காரர்கள் இருந்துவிட வேண்டாம். கோவை மாநகராட்சி 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் பல பேரூராட்சிகளையும் விழுங்கி நூறு வார்டாக வளர்ந்தது. அந்த மாநகராட்சிக்கு 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை கவுன்சிலர்களே கிடையாது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட தனி அலுவலர் ஒருவர்தான். எதிர்த்துக் கேட்க மன்றத்தில் ஆளில்லை. அந்தக் காலத்தில்தான் 2020-இல் வெள்ளலூரில் 168 கோடி மதிப்பில் பேருந்து நிலைய வேலை தொடங்கி, பிறகு பாதியில் நின்றது. அது மாநகராட்சியின் சொந்த இடம். சொந்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், அடுத்தவன் இடத்தை வாங்கும்போது கேட்பாரில்லாமல் விடலாமா?

எங்கள் கோரிக்கை இதுதான். டிட்கோவோ மாநகராட்சியோ, பொதுப்பணத்தில் நிலம் வாங்கும் எந்த அமைப்பானாலும் கிரயத்துக்கு 60 நாள் முன்பே சர்வே எண், விற்பவர் பெயர், அவர் எப்போது என்ன விலைக்கு வாங்கினார், இப்போது பேசிய விலை ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்திலும் தாலுகா ஆபீசிலும் தமிழில் ஒட்ட வேண்டும். கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும். கம்பெனிக்கு ஒரு விலை, குடியானவனுக்கு ஒரு விலை என்பது கூடாது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பத்திரப்பதிவில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் எந்தக் காடு யார் பேருக்கு எப்போது மாறியது என்பது தெரியும்.

1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோவைக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய சீமை இது. இந்த முறை வண்டி பூட்டும் முன்னே மனுப் போடுவோம். ஊருக்குப் பத்துப் பேராவது மனு எழுதி, நகலைச் சங்கக் கிளையில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைச் செயலாளர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.