கண்டுபிடித்தவருக்கும் கூலி உண்டு

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்களும், வீட்டில் ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளை இருப்பவர்களும் பொறுமையாகப் படித்தால் நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் கரண்ட் கோளாறு என்று பட்டறைக்குப் போனால் தண்டச் செலவு வருவதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்ட்ஸுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கிறோம். கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தவருக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. அப்புறம் எவன் தேடுவான்? ஒவ்வொரு பார்ட்டாக மாற்றித்தான் பார்ப்பான்.

இதற்கு நல்ல உதாரணம் க்ரூஸ் கன்ட்ரோல். நான்கு வழிச்சாலையில் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி. ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் என்ற பொறியாளர். ஐந்து வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் காரோட்டும்போது பேச்சுக்கு ஏற்றபடி வேகம் கூடியும் குறைந்தும் குலுக்கியதாம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை இது என்பார்கள். 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிறைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்தது. கண்ணால் பார்க்க முடியாத மனிதர், உடம்பு உணர்ந்ததை வைத்து யோசித்து யோசித்துச் செய்த கருவி. அதைப் பழுது பார்க்கிற நாம் யோசிக்கவே மாட்டேன் என்கிறோம்.

அந்தக் காலத்தில் இதற்கென்று தனியாக ஒரு மோட்டாரோ வேக்குவம் டப்பாவோ இருந்து, கேபிள் வழியாகத் த்ராட்டிலை இழுக்கும். இன்றைய கார்களில் அதெல்லாம் கிடையாது. த்ராட்டிலையே எஞ்சின் கம்ப்யூட்டர்தான் திறந்து மூடுகிறது. ஆகவே க்ரூஸ் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு புரோகிராம். அது வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய ஏதோ ஒரு தகவல் சரியாகப் போகவில்லை என்று பொருள். வண்டியின் வேகம் என்ன, பிரேக்கில் கால் இருக்கிறதா, கிளட்ச்சில் கால் இருக்கிறதா, ஓட்டுநர் எந்தப் பொத்தானை அழுத்தினார் - இவ்வளவுதான் அது கேட்கும் கேள்விகள். ஒன்றுக்குப் பதில் சந்தேகமாக இருந்தாலும் 'நான் வரவில்லை' என்று ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்குவது கோளாறு இல்லை, அதுதான் பாதுகாப்பு. பிரேக் மிதித்தது தெரியாமல் அது பாட்டுக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மைத்துனர் காரில் நடந்ததைச் சொல்கிறேன். க்ரூஸ் பொத்தானை அழுத்தினால் மீட்டர் போர்டில் விளக்கு வரும். 'செட்' அழுத்தினால் பிடிக்காது. ஒரு பட்டறையில் காட்டினார். பொத்தான்தான் போயிருக்கும் என்று ஸ்டீயரிங் ஸ்விட்ச் செட் முழுவதையும் மாற்றினார்கள். பல ஆயிரம் ரூபாய். சரியாகவில்லை. அடுத்து கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் என்னிடம் புலம்பினார்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவரிடம் அனுப்பினேன், நானும் கூடப் போனேன். அவர் முதலில் எந்த ஸ்பேனரையும் தொடவில்லை. "சார், நீங்க பிரேக்கை மிதிங்க" என்று மைத்துனரை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். விளக்கு எரிந்தது, காலை எடுத்ததும் அணைந்தது. பிறகு ஸ்கேனரைச் செருகி, கோளாறு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடாமல், ஓடும் தகவலைத் திரையில் வரவழைத்தார். செட் பொத்தானை அழுத்தினால் திரையிலும் வந்தது. ஆகவே பொத்தான் நல்ல பொத்தான். பழையதும் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் பிரேக்கில் கால் வைக்காதபோதும் ஒரு வரி மட்டும் 'மிதிக்கப்பட்டுள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் விஷயம். பல கார்களில் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. ஒன்று, மிதித்தால் சேரும். பின்விளக்கை எரிய வைக்கும். மற்றொன்று, மிதித்தால் பிரியும். கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் நம்பும். ஒன்று 'கால் இருக்கிறது', மற்றொன்று 'கால் இல்லை' என்றால் க்ரூஸ் கிடையாது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதே கதைதான்.

மாணவர் பெடலுக்கடியில் குனிந்து கனெக்டரைக் கழற்றினார். அதற்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. ஸ்விட்ச்சின் இரண்டாவது ஜோடிக் காலில் மீட்டரை வைத்தார். பெடலை விட்ட நிலையில் 'பீப்' என்று கத்த வேண்டியது கத்தவில்லை. புது ஸ்விட்ச் சில நூறு ரூபாய். மாட்டினார், க்ரூஸ் பிடித்தது. தேடியது முக்கால் மணி நேரம். மாற்றியது ஐந்து நிமிடம்.

கூலி 500 ரூபாய் என்றார். மைத்துனர் என் காதில், "அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐந்நூறா மாமா?" என்றார். தேவையில்லாத ஸ்விட்ச் செட்டுக்கு மறுபேச்சில்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர் இவர். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு கேள்விதான்.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன வேலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு மதிப்புக் கொடுக்கத் தோன்றும். அதனால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் போகும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் செலவில்லாதது. பெரும்பாலான கார்களில் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குறைவாக, க்ரூஸ் பிடிக்காது. ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கெட்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. அடுத்து ஃப்யூஸ். அது மறுபடி மறுபடி போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது வைத்தியம் அல்ல. எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. பின்விளக்கு பல்புகளையும் பார்க்க வேண்டும். சில பழைய மாடல்களில் க்ரூஸுக்கு வேண்டிய எர்த் அந்த பல்பின் இழை வழியாகத்தான் கிடைக்கும். பல்பு போனாலோ, அழகுக்கு எல்.இ.டி. மாற்றினாலோ க்ரூஸ் நின்றுவிடும்.

அடுத்து, கூட வேறென்ன கெட்டிருக்கிறது என்ற கேள்வி. ஏ.பி.எஸ். விளக்கும் எரிகிறதா? சக்கரத்து வேக சென்சாரைப் பாருங்கள். ஹாரனும் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால், ஸ்டீயரிங்குக்குள் சுருள் நாடாவாக இருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் அதுதான் வழி. ஆனால் அங்கே கை வைப்பது விளையாட்டல்ல. பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, பழகியவர்தான் பிரிக்க வேண்டும். ஏர்பேக் ஒயரில் சாதாரண மீட்டரை வைக்கவே கூடாது.

பிறகு கோளாறு எண். பி0571 என்று ஸ்கேனர் காட்டினால் உடனே பிரேக் ஸ்விட்ச்சை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது பிரேக் ஸ்விட்ச் 'சர்க்யூட்டில்' கோளாறு என்று. ஸ்விட்ச், ஒயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்தது சர்க்யூட். எண் தெருவைத்தான் சொல்லும், கதவு எண்ணைச் சொல்லாது. வீட்டைத் தேட மீட்டர் வேண்டும்.

மீட்டரிலும் புத்தி வேண்டும். நூறு இழை உள்ள ஒயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் 'பீப்' சத்தம் வரும். ஆனால் கரண்ட் ஓட வேண்டிய நேரத்தில் அந்த ஒற்றை இழையிலேயே வோல்ட் குறைந்துவிடும். அதனால் சர்க்யூட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் இழப்பு என்று அளக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நடத்திய ஓம் விதிதான். ஸ்டீயரிங் பொத்தான்களும் அப்படியே. பல வண்டிகளில் எல்லாப் பொத்தானுக்கும் ஒரே ஒயர். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மின்தடை. எந்தப் பொத்தான் என்பதைக் கம்ப்யூட்டர் வோல்ட்டை வைத்துத்தான் அறிகிறது. கான்டாக்டில் அழுக்கேறினால் கணக்கு மாறி, 'செட்' அழுத்தினால் வேறெதுவோ என்று நினைக்கும்.

இவ்வளவையும் செய்கிறவருக்குப் படிப்பும் பொறுமையும் வேண்டும். அதற்குக் கூலி கிடையாது என்றால், நல்ல பையன்கள் இந்தத் தொழிலில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ட்ஸ் கமிஷனுக்குப் போய்விடுவார்கள்.

'க்ரூஸ் இல்லாமல் ஓட்டினால் என்ன, அது ஒரு சொகுசுதானே' என்று சிலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அதே ஸ்விட்ச்சின் அடுத்த பாதிதான் உங்கள் பிரேக் விளக்கு. இன்று க்ரூஸை நிறுத்திய ஸ்விட்ச் நாளை இரவு நெடுஞ்சாலையில் பின்விளக்கையும் நிறுத்தலாம். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பிரேக் போட்டது தெரியாது. இன்னும் மோசம், ஸ்விட்ச்சைத் தவிர்த்து இரண்டு ஒயரை முறுக்கிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று வண்டியைக் கொடுப்பது. அது காவல்காரன் வாயைக் கட்டுகிற வேலை.

சின்ன ஸ்விட்ச்தானே என்பவர்கள் ஃபோர்டு கம்பெனியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அவர்கள் கார்களில், பிரேக்கை மிதித்தால் க்ரூஸை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று பிரேக் ஆயில் பக்கத்தில் இருந்தது. உள்ளே இருந்த மெல்லிய தகடு கிழிந்து ஆயில் மின்சாரப் பக்கம் கசிந்தது. பல மாடல்களில் சாவியை எடுத்தாலும் அந்த ஸ்விட்ச்சில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நிறுத்தி வைத்த வண்டிகள் தீப்பிடித்தன. 1999-ல் சில மாடல்களோடு தொடங்கிய திரும்ப அழைப்பு 2009 வரை திரும்பத் திரும்ப விரிந்து, சுமார் 1 கோடியே 40 லட்சம் வண்டிகளைத் தொட்டது. பல வண்டிகளுக்குக் கொடுத்த தீர்வு, நடுவே ஃப்யூஸ் வைத்த ஒரு சிறு ஒயர்.

'சோதனைக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு ஸ்கேனரை மட்டும் செருகி எடுத்துவிடுகிறார்களே' என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. பணம் கொடுக்கிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. எந்தப் பார்ட்டையும் மாற்றும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்தீர்கள்? எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருந்தது? இந்தப் பார்ட்தான் என்று எதை வைத்து முடிவுக்கு வந்தீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். 'மாற்றிப் பார்க்கலாம் சார்' என்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. பில்லில் 'சோதனைக் கூலி' என்று தனி வரி போடுங்கள். அளந்த எண்ணை அதன் கீழே எழுதிக் கொடுங்கள். பார்ட்ஸுக்குள் ஒளித்து வைத்து வாங்க வேண்டிய பணம் இல்லை அது. படித்த படிப்புக்கு வரும் பணம்.

டாக்டர் ஊசி போடாமல், 'ஒன்றுமில்லை, போங்க' என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். நம் வண்டியையும் அதில் போகிற நம் உயிரையும் பார்க்கிறவருக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

உங்கள் ஊரில் மீட்டரோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் இருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், படிக்கிறேன்.