ரோட்டில் வேண்டாம், செட்டிபாளையத்துக்குக் கூட்டிப் போங்கள்!

'ரேஸ்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். காரணம், என் அண்ணன் மகன். பதினேழு வயதில், சிநேகிதர்களோடு பந்தயம் கட்டி, ராத்திரியில் கோவை ரோட்டில் பைக் ஓட்டி, நின்றிருந்த லாரியில் மோதினான். உயிர் தப்பியதே பெரிது. தொடையில் பிளேட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். "கேட்டான்னு வண்டிய வாங்கிக் குடுத்தது நாந்தானுங்க அம்மிணி" என்று அண்ணி இன்றைக்கும் அழுகிறார்.

அதனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் பார்முலா 4 கார் பந்தயம் நடந்தபோது, டி.வி.யைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் சிரித்தான். "அம்மா, இந்த மாதிரி வண்டியெல்லாம் நம்ம பக்கத்துலயே ஓடுது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே."

பல்லடத்துக்காரிக்கு 'கரி' என்று காதில் விழுந்தால் கறிக்கோழிதானே ஞாபகம் வரும்! ஏதோ பண்ணை என்று நினைத்தேன். அப்புறம்தான் சொன்னான், அது கரிவரதன் என்ற கோவைக்காரரின் பெயராம். மாருதி 800 இன்ஜினை வைத்தே, நம்மவர்கள் ஓட்டிப் பழக பந்தயக் கார் வடிவமைத்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்து விட்டார். அந்த 'பார்முலா மாருதி'யில் ஓட்டிப் பழகிய கோவை நாராயண் கார்த்திகேயன்தான், 2005-ல் பார்முலா 1 வரை போன முதல் இந்தியர்.

"ஒரு தடவை பாத்துட்டுத் திட்டும்மா" என்றான். என்னவருக்கும் ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டம் இல்லை. போனோம்.

தறிச் சத்தத்திலேயே வாழ்கிற நானே காதைப் பொத்திக் கொண்டேன்! ஓடியவை எல்ஜிபி பார்முலா 4 வண்டிகள். செயின் தயாரிக்கும் நம் கோவைக் கம்பெனியின் பெயர் அது. உள்ளே இருப்பது மாருதி எஸ்டீம் காரின் 1300 சிசி இன்ஜின். ஓர் ஆள் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது, நாலு சக்கரமும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். "சக்கரமும் சக்கரமும் உரசினா வண்டி மேல தூக்கிரும்மா. அதனாலதான் இவ்வளவு கணக்கா ஓட்டறாங்க" என்று மகன் விளக்கினான்.

என் கண் போனதோ வேறு இடத்துக்கு. தோள், இடுப்பு எல்லாம் சேர்த்து இறுக்கும் பெல்ட். தீப்பிடிக்காத உடுப்பு, ஹெல்மெட். லைசென்ஸ் இல்லாதவன் உள்ளே இறங்க முடியாது. ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைச் சோதனை போடுகிறார்கள். ஒரு வண்டி தடம் மாறி மண்ணில் சொருகியது. உடனே மஞ்சள் கொடி. அந்த இடத்தில் ஒருவரும் முந்தவே இல்லை. சிவப்புக் கொடி காட்டினால் மொத்தப் பந்தயமும் நின்று விடுமாம். எங்கள் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு யார் நிற்கிறார்கள், சொல்லுங்கள்?

ஒரு நாள் ஜெயித்தால் மட்டும் போதாது. சீசன் முழுக்கப் பல சுற்று ஓடி, ஒவ்வொன்றிலும் வாங்கும் புள்ளியைக் கூட்டித்தான் சாம்பியன். கண்மூடித்தனமாக ஓட்டி வண்டியை உடைத்தவனுக்கு அன்றைய புள்ளி போச்சு. இதைக் கேட்ட பிறகு என் மகன் பைக் சைலன்சரை மாற்ற வேண்டும் என்று நச்சரிப்பதை நிறுத்தி விட்டான். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சீசன் ஓட்ட லட்சக்கணக்கில் ஆகும். கூலிக்கு நெசவு செய்யும் எங்களைப் போன்ற வீட்டுப் பையன் வேடிக்கைதான் பார்க்க முடியும். பனியன் ஏற்றுமதியில் கொழிக்கும் முதலாளிகள் இரண்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு செய்தால் என்ன? ஓட்டுவதற்கு இல்லாவிட்டாலும் மெக்கானிக் வேலை பழகவாவது? பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வதோதராவின் மீரா எர்தா, விமானம் ஓட்டும் சினேகா சர்மா எல்லாம் இந்த எல்ஜிபி வண்டியை ஓட்டியவர்கள்தானே.

பள்ளிக்கூடங்கள் வருஷா வருஷம் ஊட்டிக்குக் கூட்டிப் போகின்றன. ஒரு வருஷம் செட்டிபாளையத்துக்கும் கூட்டிப் போகட்டுமே. தாய்மார்களே, நமக்கும் ஒரு வார்த்தை: 2019-ல் திருத்திய சட்டப்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். 'அழுகிறானே' என்று சாவியை எடுத்து நீட்டுவது நாம்தானே?

அடுத்த தடவை ரேஸ் நடக்கும்போது மறுபடி போகப் போகிறோம். அண்ணன் மகனும் வருகிறேன் என்றிருக்கிறான். பஸ்ஸில் ஏறி இறங்கத்தான் அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

- ஒரு வாசகி, பல்லடம்.