தெரியாத விபத்தை எப்படிச் சொல்வது?

1948-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஹார்டிங் எதிர் பிரைஸ். டிரெய்லர் இழுத்துப் போன வண்டி, நின்றிருந்த காரை உரசிவிட்டது. வண்டிச் சத்தத்தில் ஓட்டுநருக்கு அது தெரியவே இல்லை. போலீஸில் சொல்லாததற்குக் கீழ்க்கோர்ட் தண்டித்தது. மேல்முறையீட்டில் தண்டனை ரத்து. தெரியாததை ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் "எனக்குத் தெரியாது" என்றால் தப்பிக்கலாமா? முடியாது. தெரியாது என்பதை ஓட்டுநர்தான் நிரூபிக்க வேண்டும். இது நியாயம்தான். அடுத்தவர் மனசுக்குள் இருந்ததை, கார் நசுங்கியவர் எப்படி நிரூபிப்பார்?

இப்போது அங்கே இருப்பது 1988-ம் வருடச் சட்டம். இடித்தால் நிற்க வேண்டும், பெயர் முகவரி தர வேண்டும். தரவில்லையென்றால் முடிந்தவரை சீக்கிரம் போலீஸில் சொல்ல வேண்டும். 24 மணி நேரம் என்பது கடைசிக் கெடு, சலுகை இல்லை. மீறினால் லைசென்ஸில் 5 முதல் 10 புள்ளிகள் வரை ஏறும், சிறைகூட உண்டு. லைசென்ஸ் வாங்கி 2 வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் போச்சு!

மேல்முறையீட்டில் கிரவுன் கோர்ட் வழக்கை முதலிலிருந்து விசாரிக்கும். ஜூரி கிடையாது. தோற்றால் தண்டனை கூடலாம், எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். அதற்குப் பயந்து, நிஜமாகவே தெரியாதவர் ஒதுங்கக் கூடாது. கதவு திறந்திருப்பதே அவருக்காகத்தான். "சின்னக் கீறல்தானே" என்று நழுவியவருக்கோ மேல்முறையீடு வீண் செலவு. அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.