தட்டில்லாத பானட்டை விற்காதீர்கள்

அக்டோபர் பிறந்ததும் வென்ட் வைத்த கார்பன் ஃபைபர் பானட் போட்டுக்கொண்ட வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: மழையில் வண்டியை எடுக்கலாமா? நம் ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. “ஒன்றும் ஆகாது சார், எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும்” என்பது ஒன்று. “மழைக்காலம் முடியும்வரை கவர் போட்டு உள்ளே நிறுத்திவிடுங்கள்” என்பது இன்னொன்று. முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவது பதிலைச் சொல்கிறவர், வேலையை முடிக்காமலே சாவியைக் கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஓடும் வண்டிக்கு மழை பெரிய எதிரியல்ல. காற்று மூக்கைத் தாண்டி வளைந்து ஏறும் இடத்தில், அதாவது பானட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில், மேலே அழுத்தம் குறைவு. ரேடியேட்டரைக் கடந்து வந்த காற்று தேங்குவதால் அதே இடத்தில் கீழே அழுத்தம் அதிகம். இந்த வித்தியாசம்தான் சூட்டை வெளியே இழுக்கிறது; விழும் துளிகளையும் அதுவே தள்ளிவிடுகிறது. ஆனால் முன்கண்ணாடியின் அடிவாரத்தில் கணக்கு தலைகீழ். அங்கே காற்று மோதி நிற்பதால் அழுத்தம் ஏறுகிறது. கேபினுக்குள் போகும் காற்றை உற்பத்தியாளர்கள் அந்த இடத்திலிருந்து எடுப்பது அதனால்தான். தோற்றத்துக்காக வென்ட்டைப் பின்னால் தள்ளி வைத்தால் அது சூட்டை வெளியே விடாது. மழையை உள்ளே இழுக்கும். வண்டி நிற்கும்போது எஞ்சின் அறையின் புகையையும் வாடையையும் கேபின் ஏசிக்குக் கொடுக்கும். கீலுக்கு அடியில் வாஷர் அடுக்கி பானட்டின் பின்பக்கத்தைத் தூக்கி வைக்கும் பழக்கத்துக்கும் இதே தீர்ப்புதான். அதைச் செய்கிறவர்கள் அங்கிருக்கும் ரப்பர் சீலையும் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடியில் வழியும் மழை அதற்குப் பிறகு நேராக எஞ்சின் மேல்தான் இறங்கும்.

உண்மையான சிக்கல் வண்டி நிற்கும்போது வருகிறது. நம் ஊர் மழையில் வண்டி அதிகமும் நிற்கத்தான் செய்கிறது: கிண்டியில் சிக்னலுக்கும், அபார்ட்மென்ட் வாசலில் இரவு முழுக்கவும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு வென்ட்டுகள் சேர்ந்தால் 0.09 சதுர மீட்டர். ஒரே இரவில் 10 செ.மீ. பெய்தால், திறப்பு முழுக்கத் திறந்திருக்கும் பட்சத்தில், 9 லிட்டர் உள்ளே போகும். லூவர் பட்டைகள் இதில் ஒரு பகுதியைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் நேராக விழும் மழையை மட்டும் கணக்கிட்டால் போதாது. நிற்கும் வண்டியில் பானட் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. வென்ட்டுக்குப் பின்னால் உள்ள பரப்பில் விழும் நீரெல்லாம் முன்னோக்கி ஓடிவருகிறது. வழக்கமான லூவரின் வாயோ பின்னோக்கித் திறந்திருக்கிறது. ஓட்டு வீட்டில் ஓடுகளைத் தலைகீழாக வேய்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடக்கிறது. ஓடும்போது மிகச் சரியான வடிவம், நிற்கும்போது மிகத் தவறான வடிவமாகிவிடுகிறது.

இதற்கு மருந்து எளிது. திறப்பின் பின்விளிம்பில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரப்பு எழுப்பி, அதன் இரு முனைகளையும் பக்கவாட்டில் இறக்கிவிட்டால் ஓடிவரும் நீர் வென்ட்டைச் சுற்றிப் போய்விடும். அச்சிலேயே இதைச் சேர்த்துச் செய்யும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பானட் வாங்கும்போது நாம் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, இந்த விளிம்பை.

உள்ளே விழுந்த நீர் என்ன செய்யும்? இங்கே பயமும் அலட்சியமும் சம அளவில் இருக்கின்றன. வென்ட் வழியாகச் சொட்டும் நீரால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம். அந்த விபத்து, தாழ்வாகப் பொருத்திய இன்டேக் குழாய் தேங்கிய நீரில் மூழ்குவதால் நேர்வது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது நகரில் கார்களைக் கொன்றது தெருவில் நின்ற தண்ணீர். அவற்றின் பானட்டுகள் எல்லாம் மூடியவைதான். நவீன வண்டிகளின் சீல் வைத்த கனெக்டர்களும் நேரடித் தூறலைத் தாங்கும்.

தாங்காதவை வேறு. ஸ்பார்க் பிளக் குழிகளில் தேங்கும் நீர் காயில்களின் ரப்பர் உறைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் காலை வண்டி நடுங்கும். ஆல்டர்னேட்டர் காற்றோட்டத்துக்காகத் திறந்த கூடு கொண்டது. கீழிருந்து தெறிக்கும் நீருக்கு அது பழகியது, மேலிருந்து இரவெல்லாம் ஒரே இடத்தில் சொட்டும் நீருக்கு அல்ல. ஃபியூஸ் பெட்டியின் மூடி மழையைத் தாங்கினாலும் அதன் விளிம்பில் தேங்கும் நீரைத் தாங்காது. திறந்த கூம்பு ஃபில்டர் நனைந்தால் மூச்சு அடைக்கும். ஆகவே வென்ட்டின் இடத்தை முடிவு செய்யும் முன் பானட்டைத் திறந்து, அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸின் பானட்டில் பெரிய வாய் இருந்தும் அது மழைக்கு அஞ்சாததற்குக் காரணம், அதன் கீழே இன்டர்கூலர் இருப்பதுதான். இன்டர்கூலர் நனைவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இடம் மாற்ற முடியாதபோது தட்டு வேண்டும். இது நம் கண்டுபிடிப்பு அல்ல. ஃபோர்டு நிறுவனம் 2020 ஷெல்பி ஜிடி500-க்கு வைத்த பானட் வென்ட்டின் அளவு 31 அங்குலத்துக்கு 28 அங்குலம். அரை சதுர மீட்டருக்கும் மேல். அதற்குக் கீழே கழற்றக்கூடிய அலுமினிய மழைத் தட்டு ஒன்றையும் தொழிற்சாலையே கொடுத்தது. தெருவில் ஓட்டும்போது தட்டு இருக்கும். டிராக்கில் கழற்றினால் கூடுதல் காற்று வெளியேறும், முன்பக்கம் தரையில் அழுந்தும். 760 குதிரைத்திறன் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய ஒரு நிறுவனமே தட்டை விடவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஆண்டில் சில நாள் மட்டும் போகும் வண்டிக்கு நாம் ஏன் விடுகிறோம்?

தட்டு என்றால் பானட்டுக்கு அடியில் ஒட்டிய தகரம் அல்ல. காற்று சுற்றிப் போக எல்லாப் பக்கமும் இடைவெளி வேண்டும். தட்டின் விளிம்பு திறப்பைவிட அகலமாக வெளியே நீள வேண்டும். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிய வேண்டும். அந்த மூலையிலிருந்து ஒரு குழாய் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் தவிர்த்து வீல் ஆர்ச் பக்கம் இறங்க வேண்டும். குழாய் பேனா அளவில் இருந்தால் ஒரு வேப்பிலை போதும் அடைத்துவிட. டர்போவுக்கு மேலே வரும் தட்டைப் பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். கால் திருகில் கழலும் ஃபாஸ்ட்னர்களைப் போட்டால் வாடிக்கையாளரே கழற்றி மாட்டிக்கொள்வார்.

கார்பன் ஃபைபரைப் பற்றி நாம் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. துணியும் ரெசினும் சேர்ந்த பலகைக்குள் ஈரம் எளிதில் நுழைவது முகத்தின் வழியாக அல்ல, வெட்டிய விளிம்பின் வழியாக. வென்ட் வைத்த பானட்டில் அந்த விளிம்பின் நீளம் பல மடங்கு. அச்சில் வார்த்த வென்ட்டானால் பரவாயில்லை. மூடிய பானட்டை வாங்கி கிரைண்டரால் வெட்டித் திறப்பு எடுக்கும்போது, உள்ளே தேன்கூடு அமைப்போ பால்சா மரமோ இருந்தால் அதுவும் மழைக்குத் திறந்துகொள்ளும். மரம் ஊறி உப்பும், அடுக்கு பிரியும், ஒரு பருவத்துக்குப் பிறகு விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். வெட்டியதும் உள்பொருளைச் சில மில்லிமீட்டர் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அதன் மேல் புறஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். மேலே ஒரே அடுக்கு கார்பன், கீழே முழுக்க கண்ணாடி இழை என்று வரும் மலிவுப் பானட்டுக்கும் இதே வேலைதான். விலை குறைவு என்பதால் விளிம்பு குறைவாக ஊறாது.

அடுத்தது போல்ட்டுகள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்வேதி வரிசையில் அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும்விட வெகு மேலே நிற்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் தேய்வது அலுமினியம்தான். பெசன்ட் நகரிலோ ஈசிஆரிலோ நிற்கும் வண்டியில் அந்த ஈரம் உப்பு ஈரம். கீல் பக்கத்து அலுமினிய ரிவெட்நட் வெள்ளைப் பொடியாகிக் கழன்றால் பானட் நெடுஞ்சாலையில் கண்ணாடி மேல் எழும். துருப்பிடிக்காத எஃகு ஃபாஸ்ட்னர், நைலான் வாஷர், தொடும் இடத்தில் ஒரு அடுக்கு கண்ணாடி இழை: மூன்றும் சேர்ந்தாலும் செலவு சொற்பம்.

வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவையும் உண்டு. மழையில் சிக்னலில் நிற்கும்போது வென்ட்டிலிருந்து எழுவது நீராவி; பயந்து வண்டியை நடுரோட்டில் விட்டு இறங்க வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது வென்ட்டை மூடச் சொல்ல வேண்டும். பருவமழை முழுக்கச் செய்யாத சேதத்தை அந்த பிரஷர் கன் ஒரே நொடியில் செய்யும். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதையொட்டி உச்ச நீதிமன்றம் 2019-இல் அளித்த தீர்ப்பும் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு இடமளிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பானட் மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, தோட்டக் குழாயால் கண்ணாடியிலிருந்து பானட் வரை நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு திறந்து, காயில் மூடிகள், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி மூன்றின் மேலும் உலர்ந்த தாளை ஒற்றிப் பாருங்கள். தாள் நனைந்தால் வண்டி போகக் கூடாது. பில் போடும்போது தட்டையும் குழாயையும் தனி வரியாகப் போடாதீர்கள், பானட்டின் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். தனியாகப் போட்டால் பேரத்தில் வாடிக்கையாளர் முதலில் வெட்டுவது அதைத்தான்.