தவளைக்கு ஐந்தாவது கால் ஏன்?

குட்டையில் கால் குறைந்த தவளையையோ, கால் மிகுந்த தவளையையோ கண்டால், "எல்லாம் பூச்சிமருந்தின் வேலை" என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அவ்வளவு எளிதாக முடிவு கட்டுவது சரியன்று.

1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பண்ணைக் குட்டை ஒன்றில் பள்ளி மாணவர்கள் பிடித்த தவளைகளில் ஏறத்தாழப் பாதி ஊனமானவை. பின்னர் வேறு மாநிலங்களில் கூடுதல் கால் முளைத்த தவளைகளும் அகப்பட்டன. மருந்தா, வெயிலின் புற ஊதாக் கதிரா, ஒட்டுண்ணியா என்று விவாதம் நடந்தது. ரிபைரோயா என்னும் தட்டைப்புழுவைத் தலைப்பிரட்டைகளின் மேல் விட்டபோது அதே கால் ஊனங்கள் தோன்றியதை 1999இல் ஆய்வாளர்கள் காட்டினர். எல்லா ஊனத்திற்கும் இப்புழுவே காரணம் அன்று. ஆனால் முக்கியமான காரணம்.

ஆட்டின் ஈரலில் புகும் தட்டைப்புழுவை அறிந்த விவசாயிகளுக்கு இது புதிதன்று. அதைப் போலவே இப்புழுவும் நத்தைக்குள் பெருகுகிறது. பிறகு நீரில் நீந்திச் சென்று, தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் இடத்தைத் துளைக்கிறது. ஓட முடியாத தவளையைக் கொக்கு எளிதில் பிடிக்கிறது. புழு கொக்கின் இரைப்பையில் வளர்கிறது. அதன் முட்டை எச்சத்தோடு மீண்டும் நீரில் சேர்கிறது.

உரத்திற்கு இதில் பங்கு உண்டா? உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த நீரில் பாசி மிகும். பாசியைத் தின்று நத்தை பெருகும். நத்தையோடு புழுவும் பெருகும். 2007இல் வெளியான சோதனை இதை உறுதி செய்தது. மருந்து கலந்த நீரில் தலைப்பிரட்டையின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, புழுத் தாக்குதல் கூடுவதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்காக உரத்தையே கைவிடச் சொல்வது பேதைமை. உரம் பயிருக்குப் போக வேண்டும். குட்டைக்குப் போனால் விவசாயியின் காசு தண்ணீரோடு போயிற்று என்றே பொருள். மண் பரிசோதனைப்படி உரமிடுதல், யூரியாவைப் பிரித்து இடுதல், மேலுரமிட்ட கையோடு வயல் நீரை வடிக்காதிருத்தல், தெளிப்பானைக் குளத்தில் கழுவாதிருத்தல், எருக்குழியைக் குளத்தங்கரையில் வைக்காதிருத்தல் ஆகியவை செலவில்லாத வழிகள்.

தவளை கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் ஆள். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. வெட்டுக்குத் தப்பிய தவளை, வயலிலிருந்து வடியும் நீரால் கால் இழக்கலாகாது.