திருவொற்றியூரின் நிலமும் பெயரும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தார், திருவொற்றியூர், சென்னை – 600019.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600003.

பொருள்: மழைநீர் வடிகால், பழைய நகராட்சி ஆவணங்கள், ஊர்ப் பெயர்கள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2011 அக்டோபரில் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சென்னையோடு இணைந்தபோது, எங்கள் நகராட்சி மண்டலம் 1-இன் பகுதியானது. இணைப்பில் எங்களுக்கு வருத்தமில்லை. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்ததில் மகிழ்ச்சியே. எங்கள் குறை வேறு.

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே ஒடுங்கிய மணல் நிலம்: இதுதான் திருவொற்றியூர். மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். சென்ற மழையில் எங்கள் தெருவில் புது வடிகாலின் வாய், தேங்கிய தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இரண்டு நாள் வாசலில் செங்கல் அடுக்கித்தான் முதியவர்களைக் கைபிடித்து இறக்கினோம். சரிவு எந்தப் பக்கம் என்று தெருவில் ஒருவரைக் கேட்டிருந்தாலே போதும். எனவே, வடிகால் பணி தொடங்குமுன் மட்டம் பார்த்து, அந்தந்தத் தெரு மக்களை அழைத்துப் பேச வேண்டுகிறோம். பழைய நகராட்சியின் வரைபடங்களையும் பதிவேடுகளையும் மண்டல அலுவலகத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம்.

கடல் அரிப்பு இன்னொரு கவலை. கரையோரக் குப்பங்களுக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் பாதுகாப்பு வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும்போது, படகு கரையேற இடம் விட வேண்டும்.

அடுத்து, பெயர்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஊர் இது. ராஜேந்திர சோழன் காலத்தில் ஆதிபுரீஸ்வரர் கோயில் விமானத்தைக் கருங்கல்லால் எழுப்பிய தச்சர் ரவியின் பெயரைக்கூடக் கல்வெட்டு மறக்கவில்லை. 1708-இல் ஆங்கிலேயர் பெற்ற ஐந்து ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்று பல பெயர்ப் பலகைகளில் மண்டல எண்ணும் வார்டு எண்ணும் மட்டுமே உள்ளன. எண்ணுக்கு மேல் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி, காலடிப்பேட்டை போன்ற இடங்களில் பெயர் வந்த கதையையும் தமிழில் பொறிக்க வேண்டுகிறோம்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்வையிட நாள் குறித்துத் தந்தால், தெருத்தெருவாக உடன் நடந்து காட்டுவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்